குழாயடித் தவளைக் கல்யாணம்

எங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் தவளைக்குக் கல்யாணம் நடந்த ஆண்டு எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நடந்ததை அன்றன்றே குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பின்னாளில்தான் வந்தது. அப்போது நான் தமிழ்ப் பள்ளியில் மணலில் எழுதுவதை விட்டுச் சிலேட்டுக்கு மாறியிருந்தேன். விழுந்த முன்பற்களுக்குப் பதில் புதியவை பாதிதான் முளைத்திருந்தன. ஜப்பான்காரன் வருவதற்கு வெகு முன்பு. பொதுக் குழாயில் காலையில் மட்டும் தண்ணீர் வந்த ஆண்டு. ஆண்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்றைய பகலைப் பற்றியோ, யார் எங்கே நின்றார் என்பது வரை சொல்வேன்.

நம் ஊரில் மழைக்குப் பஞ்சம் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். மத்தியானம் வெயில், சாயங்காலம் மழை என்று பழகிய மண் இது. அந்த ஆண்டு மேகம் கூடும், இடிக்கும், எங்கள் தகரக் கூரைகளைத் தாண்டி எங்கோ போய்விடும். கிள்ளான் ஆறு நடுவில் மணல் தெரியும்படி இளைத்துவிட்டது. விடிவதற்குள் குழாயடியில் குடங்கள் வரிசையாக உட்கார்ந்துவிடும். குடத்துக்குச் சொந்தக்காரர்கள் அந்த வரிசைக்காகச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

சண்டையைத் தீர்த்து வைப்பவர் முனை வீட்டு அக்கா. என் அம்மாவைவிட மூத்தவர். எங்கள் வீட்டு வரிசையில் எல்லாருடைய நல்லது கெட்டதையும் முன்னின்று நடத்துபவர். ஒரு நாள் காலியான குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்தான் சொன்னார்:

"இது சரிப்படாது. எங்க ஊருல இப்படிக் காஞ்சா தவளைக்குக் கல்யாணம் பண்ணுவோம். கல்யாணம் நிச்சயமாகப் போற பொண்ணு கையால மஞ்ச நூலு கட்டணும். மூணாம் நாளு கொட்டும்."

சொல்லிவிட்டு என் அத்தையைப் பார்த்தார். குழாயடியில் இருந்த எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை குடத்தைப் பார்த்தாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவரோடு கப்பலில் வந்தவள் அவள். எனக்குத் தலை வாரிவிட்டதும், சோறு ஊட்டியதும், இரவில் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டதும் அவள்தான். இப்போது நடந்துவந்த கல்யாணப் பேச்சுக்கு முன் அவளுக்கு ஒரு நிச்சயம் நடந்திருந்தது. செமினிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பரிசம் போட்டு, புடவை எடுத்து, பலகாரம் சுட மாவு இடித்து வைத்திருந்த வேளையில் மாப்பிள்ளை காய்ச்சலில் போய்விட்டார். தோட்டத்துக் காய்ச்சல் அந்த நாளில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. ஆனால் இவரை மட்டும் காய்ச்சல் கொண்டுபோகவில்லை, எங்கள் அத்தையின் ராசி கொண்டுபோனது என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொல்ல நாள் தவறாமல் வந்தார்கள். வருகிறவர்கள் அவள் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். "சாப்பிட்டாளா? பேசினாளா?" என்று அவள் காதுபடவே அம்மாவிடம் கேட்பார்கள். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அம்மா கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினாள். அதுவும் பலிக்கவில்லை. அத்தை பிறவியிலேயே பேசாத பெண் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கு நினைவு தெரிந்த அத்தை அப்படித்தான் இருந்தாள்.

இரண்டாவதாக வந்த இடம் கிள்ளான். மாப்பிள்ளை துறைமுகத்தில் சரக்கு எடை பார்க்கும் வேலை. அவருக்கு அப்பா இல்லை. அம்மா மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிள்ளையை வளர்த்தவர். பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தேதி வைப்பதற்காக அந்த அம்மா ரயிலில் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அந்தத் தேதி ஒன்றுதான் பாக்கி. முனை வீட்டு அக்கா தவளைக் கல்யாணத்துக்குக் குறித்ததும் அதே நாள்.

அம்மாவுக்கு ஒரு பக்கம் பெருமை. ராசி இல்லாதவள் என்று முணுமுணுத்த வாய்களே இப்போது இவள் கையால் நூல் கட்ட வேண்டும் என்கின்றன. அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். "நல்லதுதான் நினைப்பாங்க. நம்ம பொண்ண நாலு பேரு முன்னால நிறுத்தறாங்கன்னு நினைப்பாங்க" என்றாள் அம்மா.

தவளை பிடிக்கும் பொறுப்பு சித்தப்பாவுக்கு. ரயில்வே பட்டறையில் வேலை, வீட்டில் வேடிக்கை. அந்த வறட்சியிலும் எங்கள் குளிக்கும் இடத்து வாழையடி மட்டும் ஈரமாக இருந்தது. அங்கே தோண்டி இரண்டு தவளைகளை எடுத்துவிட்டார். பருத்த உடம்பு, குட்டைக் கால், பழுப்பு முதுகின் இரு பக்கமும் மஞ்சள் பட்டை. தொட்டால் உப்பிக்கொள்ளும்.

"இதுல எது மாப்பிள்ளை, எது பொண்ணு?" என்று அம்மா கேட்டாள்.

"இதென்ன அண்ணி கேள்வி? வாய மூடாம கத்துதே, அது பொண்ணு. பேசாம கேட்டுக்கிட்டு இருக்கே, அது மாப்பிள்ளை."

"இதெல்லாம் உங்க அண்ணன் சொல்லிக் குடுத்தாரா?"

"அண்ணன் எங்க அண்ணி வாயத் தொறந்தாரு!"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா அவரைக் காட்டிச் சிரித்தார். தவளைகளில் கத்துவது ஆண்தான் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். ஆகவே எங்கள் மணப்பெண் நிச்சயமாக ஆண். மாப்பிள்ளையைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

அன்று காலை குழாயடியில் தென்னை ஓலைப் பந்தல் எழுந்தது. மேளத்துக்குப் பதில் மண்ணெண்ணெய் டின். பையன்கள் கழியால் அடித்த அடியில் ரயில் கூவலே கேட்கவில்லை. பெண் தவளை ஒரு செம்பில். செம்பைப் பிடிக்கும் பெருமை எனக்கு. மாப்பிள்ளை மண்சட்டியில், சட்டி அத்தையிடம். வீட்டுக்கு வீடு நின்றோம். வழக்கப்படி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். எல்லாரும் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினார்கள். "கல்யாணத்துக்கு இவ்வளவு சிக்கனமா?" என்றார் சித்தப்பா.

கிள்ளானிலிருந்து வந்த அம்மா அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, பெரிய கைகள். என்னை அருகில் அழைத்துக் கன்னத்தைத் தொட வந்தார். என் அம்மா என்னை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பூசை முடியட்டும். அதுவரைக்கும் அவங்க கிட்டப் போகாதே" என்று பிறகு என் காதில் சொன்னாள்.

அவர் மீது மாட்டு வாடை அடித்தது. அதனால்தான் அம்மா அப்படிச் சொல்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். பந்தலுக்குள் அவரை யாரும் அழைக்கவில்லை. அவரும் வரவில்லை. எதிர் வீட்டு வேலி ஓரம், வெயிலில், கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். புருஷன் இல்லாதவர் மணப்பந்தலுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். கல்யாணம் தவளைக்கே ஆனாலும் அந்த விதியில் தளர்வு கிடையாது.

நூல் கட்டும் வேளை வந்தது. சித்தப்பா மாப்பிள்ளையைச் சட்டியிலிருந்து எடுத்தார். அது உப்பிக்கொண்டு வழுக்கியது. முனை வீட்டு அக்கா, "மல்லாக்கப் போட்டுப் பிடிங்க, அப்பத்தான் கால்ல கட்ட வரும்" என்றார். சித்தப்பா அதைப் புரட்டி அத்தையின் உள்ளங்கையில் வைத்தார். எல்லாரும் பார்க்க நெருங்கினார்கள். டின் சத்தம் காதுக்கு மேலேயே விழுந்தது. அத்தை நூலை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

தவளை ஒரு முறை காலை உதைத்தது. பிறகு அதன் உடம்பிலிருந்த காற்று போய்விட்டது. கால்கள் விறைத்து நீண்டன. கண் உள்ளே போய் மூடிக்கொண்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளுத்த வயிறு அத்தையின் கையில் அசையாமல் கிடந்தது. சித்தப்பா விரலால் குத்திப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். அது கந்தல் துணி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தது.

டின் அடிப்பது நின்றது. நிறுத்தச் சொன்னது யார் என்று தெரியாது. அந்த அமைதியில் முனை வீட்டு அக்காவின் குரல்:

"ஐயோ, மாப்பிள்ளை செத்துப்போச்சே! மறுபடியும் இவ கையிலேயேவா?"

அவர் கெட்டவரில்லை. எனக்கு அம்மை போட்டபோது இரவெல்லாம் வேப்பிலை வீசியவர். வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எல்லார் கண்களும் முதலில் அத்தையிடம் போயின. அடுத்து வேலி ஓரம் நின்ற கிள்ளான் அம்மாவிடம் போயின. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என் தோளை அழுத்திய இடம் வலித்தது. அத்தை தவளையைக் கீழே போடவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள். அவளும் அசையவில்லை.

நான் அழுதேன். தவளை செத்ததற்காக. செம்புக்குள்ளிருந்த பெண் தவளை இனி என்ன செய்யும் என்ற கவலைக்காக. கிள்ளானிலிருந்து வந்தவர் வந்த ரயிலிலேயே திரும்பிவிட்டால், அத்தைக்கு வேறொரு இடம் இனி வரவே வராது என்பது அங்கே என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவர் வேலியிலிருந்து கிளம்பினார். ரயிலடிப் பக்கம் போகவில்லை. நேராகப் பந்தலுக்குள் வந்தார். அவர் மேல் படாமல் இருக்க எல்லாரும் ஒதுங்கினார்கள். ஆகவே அவருக்கு வழி கேட்க வேண்டியே இருக்கவில்லை.

முனை வீட்டு அக்கா தயங்கியபடி, "நீங்க இதுக்குள்ள வரக்கூடாதும்மா..." என்றார்.

"ஏன்? மாப்பிள்ளை செத்துட்டான்னு சொன்னீங்களே. செத்த வீட்டுக்கு நான் வரலாமில்ல?"

அவர் கைப்பையை என்னிடம் கொடுத்தார். என் கையிலிருந்த செம்பைக் கீழே வைக்கச் சொன்னார். குழாயடிச் சேம்பிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, ஈரத் தரையில் விரித்து, "இதுல வைம்மா. அப்படியே மல்லாக்க வை" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை வைத்தாள்.

"இப்ப எல்லாரும் தள்ளிப் போங்க."

யாரும் நகரவில்லை.

"தள்ளிப் போங்கன்னேன். அந்த வேலிகிட்ட நிழல் இல்ல, ஆனா இடம் நிறைய இருக்கு. நான் இவ்வளவு நேரம் நின்னு பாத்தேன்."

போனார்கள். வரிசையே வேலியோரம் போய் நின்றது. எழுந்த அத்தையை மட்டும் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீ எங்க போற? உன் மாப்பிள்ளை, நீதானே பாக்கணும்" என்றார். கைப்பை என்னிடம் இருந்ததால் என்னை யாரும் விரட்டவில்லை. சித்தப்பா ஒரு குச்சியோடு மெல்ல எட்டிப் பார்த்தார். "தம்பி, அந்தக் குச்சிய வெச்சுப் பல்லு வெளக்குங்க, போங்க" என்றார் அந்த அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு பள்ளி நாள் அளவு நீளம். இரண்டு பெண்களும் தவளையைப் பார்க்கவில்லை. அந்த அம்மா தன் மாடுகளைப் பற்றிப் பேசினார். ஒன்று உதைக்குமாம், ஒன்று பாட்டுப் பாடினால்தான் பால் விடுமாம். தனக்குக் குரல் போய்விட்டதால் அதன் பாடு திண்டாட்டமாம். "உனக்குப் பாட வருமா?" என்று கேட்டார். அத்தை தலையசைத்தாள். ஆம் என்றா, இல்லை என்றா என்பது எனக்கு விளங்கவில்லை.

முதலில் தொண்டை துடித்தது. நான்தான் பார்த்தேன். பிறகு ஒரு கண் மேலே வந்து திறந்தது. விரல்கள் மடங்கின. ஒரே புரளலில் தவளை நிமிர்ந்து உட்கார்ந்தது. சற்று நேரம் உலகத்தை நோட்டம் விட்டது. பிறகு காலில் ஒரு சுற்று மஞ்சள் நூலோடு தாவித் தாவி, வேலியோரம் இருந்த முனை வீட்டு அக்காவின் பாதத்தில் போய் விழுந்தது. அவர் போட்ட கூச்சலில் கோழிகள் கலைந்தன. தவளை சாக்கடைக்குள் மறைந்தது.

"முடிச்சுப் போடறதுக்குள்ள மாப்பிள்ளை ஓடிட்டானே!" என்றார் சித்தப்பா. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அப்பாகூடச் சிரித்தார்.

அந்த அம்மா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கும்படி, குரல் போனவர் என்று சொல்லவே முடியாத குரலில் சொன்னார்:

"எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா? செத்துப்போச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லல. போன உசுரு இவ கையில திரும்பி வந்திருக்கு. இப்படி ஒரு ராசி எங்க வீட்டுக்கு வேணும். அண்ணே, தேதிய வெச்சிடலாம். இங்கேயே வெச்சிடலாம்."

தேதி குழாயடியிலேயே குறிக்கப்பட்டது. தவளைக் கல்யாணம் முடிந்ததா இல்லையா என்பது குறித்து வரிசையில் வெகுநாள் வாதம் நடந்தது. மழை அன்று வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. இதை நான் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முனை வீட்டு அக்கா கடைசிவரை வேறு மாதிரி சொல்லிவந்தார். மழை வந்தது அத்தையின் கல்யாணத்தன்று. சாம்பார் அண்டாவுக்குள் கூரைத் தண்ணீர் ஒழுகும் அளவுக்கு வந்தது.

அத்தை கல்யாணமாகிப் போன பிறகு ஒரு பள்ளி விடுமுறையில் அம்மா என்னைக் கிள்ளானுக்கு அழைத்துப்போனாள். வீட்டை நெருங்கும்போதே யாரோ பாடுவது கேட்டது. பெரிய குரல், சுதி அவ்வளவு சுத்தமில்லை. மாட்டுக் கொட்டகையில் அத்தை பால் கறந்துகொண்டிருந்தாள். தண்ணீர் கலந்த பால் என்று குறை சொன்ன ஒரு வாடிக்கைக்காரரைப் பாட்டுக்கு நடுவில் நிறுத்தி ஒரு பிடி பிடித்தாள். மறுபடி விட்ட இடத்திலிருந்து பாடினாள். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

அன்று மத்தியானம் மாட்டுத் தொட்டியருகே ஒரு தவளையைப் பார்த்தேன். அதே மஞ்சள் பட்டை. ஓடிப்போய்ப் பிடித்து, நூல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். அதன் உடம்பிலிருந்து காற்றுப் போனது. கால் விறைத்தது. கண் மூடியது.

"பெரியம்மா! செத்துப்போச்சு!" என்று கத்தினேன். அத்தையின் மாமியாரை அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள்.

அவர் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. "வுடு, வுடு. கீழ வெச்சிட்டுத் தள்ளி வா. பயத்துல அப்படிக் கெடக்குது. ஓட வழியில்லன்னா செத்த மாதிரிப் படுத்துக்கும். எதிரி போயிட்டான்னு தெரிஞ்சா எழுந்திரிக்கும். இங்க கோழி தொரத்தினா தினமும் இதே கூத்துதான்."

அவர் சொன்னது முழுவதும் சரி என்று பின்னாளில் படித்து உறுதி செய்துகொண்டேன். அசைவதையே இரையாகக் காணும் பாம்பும் பறவையும், அசையாததை விட்டுவிட்டுப் போவது உண்டு. அதை நம்பித்தான் தவளை அப்படிக் கிடக்கிறது. ஆனால் அந்த மத்தியானம் எனக்கு வேறு ஒரு கணக்கு உதைத்தது.

"அப்ப அன்னைக்கு? குழாயடியில?"

"அன்னைக்கும் அதேதான்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"பால்காரிக்குத் தவளை தெரியாதா?"

"அத்தை கையிலதான் உசுரு திரும்பி வந்துச்சுன்னு சொன்னீங்களே!"

பெரியம்மா வைக்கோலை உதறினார். "அதுவும்தான்" என்றார்.

கொட்டகைக்குள் அத்தை சிரித்த சிரிப்பில் மாடு வாளியை உதைத்துவிட்டது.

திரும்பும் ரயிலில் எனக்கு மனம் ஆறவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தவளை சாகவே இல்லை. அது பெரியம்மாவுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துகொண்டே அத்தனை பேர் முன்னாலும், அப்பா முன்னாலும், முனை வீட்டு அக்கா முன்னாலும் பெரிய பொய்யாகச் சொல்லிவிட்டார். "நீ அன்னைக்கு அவங்க கிட்டப் போகாதேன்னு சொன்னது சரிதாம்மா" என்று முடித்தேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் கன்னத்துக்கு இறங்கியது. அதைத் துடைக்காமல், கிள்ளான் இருந்த திசையைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"என்னம்மா?" என்றேன்.

"கரித்தூள் விழுந்திடுச்சு."

ரயிலில் அது சகஜம். நான் என் பாவாடை நுனியைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, அம்மாவின் கண்ணில் வைத்து ஒற்றினேன். கோலாலம்பூர் வரும்வரை ஒற்றினேன். தூள் வரவேயில்லை.